அந்தச் சட்டியில் என்ன வெந்தது?

தமிழ்நாட்டில் அகழாய்வு செய்வோருக்கும், அருங்காட்சியகம் அமைப்போருக்கும், இரண்டையும் செய்தியாக்குவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் மீன் சட்டி தனியாக இருக்கும். அடுப்படியில் மற்ற பாத்திரங்களோடு அதைச் சேர்த்து வைக்க அம்மா விடமாட்டார். புறவாசலில் கவிழ்ந்து கிடக்கும். ஒரு மழைநாளில் பால் சட்டி உடைந்துபோக, அவசரத்துக்கு என் அக்கா மீன் சட்டியைச் சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவி, அதில் பாலைக் காய்ச்சிவிட்டாள். அன்றைக்குக் காப்பியை வாயில் வைத்தவர்கள் யாரும் இரண்டாவது மடக்கு குடிக்கவில்லை. தாத்தா மட்டும் சிரித்தார். "சட்டி குடித்ததை நீ கழுவி எடுத்துவிட முடியுமா?" என்றார். அவர் தாமிரபரணிக் கரையில் மண்பாண்டம் வனைந்தவர். அவரோடு எங்கள் வீட்டுச் சக்கரம் நின்றுபோனது. நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன்.

இந்தச் சின்ன வீட்டுக் கதையை உங்கள் முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. மெருகுப் பூச்சு இல்லாத மட்கலம் உடம்பெல்லாம் நுண்துளை. கறியோ மீனோ பாலோ கொதிக்கும்போது கொழுப்பு அந்தத் துளைகளுக்குள் ஊறிவிடுகிறது. கொழுப்பு தண்ணீரில் கரையாது. ஆகவே பானை உடைந்து, ஓடு மண்ணுக்குள் புதைந்து, ஆயிரக்கணக்கான மழைக்காலங்கள் கடந்த பிறகும் அதில் ஒரு பங்கு உள்ளேயே தங்கியிருக்கக்கூடும். ஓட்டின் மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்மண்ணில் சிறிதளவு பொடியாக்கி, கரைப்பான் ஊற்றி அந்தக் கொழுப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். கொழுப்பு அமிலங்களில் இருக்கும் கார்பன் ஐசோடோப்புகளின் (எடை மட்டும் வேறுபடும் கார்பன் அணுக்களின்) விகிதத்தை அளந்தால், அது ஆடு மாட்டின் கொழுப்பா, பன்றியின் கொழுப்பா, பாலின் கொழுப்பா என்று பிரித்தறியலாம். என் அக்கா ஒரு மடக்குக் காப்பியில் கண்டுபிடித்ததைத்தான் அவர்கள் கருவி வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அகழாய்வு நடக்கும் இடத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை. குழிக்கு அருகே வேப்பமர நிழலில் உள்ளூர்ப் பெண்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்து, பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் பானை ஓடுகளைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சாக்கு விரித்து ஓடுகளைக் காயப்போட்டிருந்தது, வற்றல் காயப்போடுவது போல. ஓர் அக்கா கையிலிருந்த வாய்விளிம்புத் துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இது குழம்புச் சட்டி, சார். சோத்துப் பானைக்கு இவ்வளவு வாய் அகலம் இருக்காது. பாருங்கள், உள்ளே அடிப்பிடித்திருக்கிறது." சொல்லி முடிப்பதற்குள் அடிப்பிடித்த அந்தக் கரி பிரஷ்ஷோடு வாளிக்குள் போய்விட்டது. பதிவேட்டில் அந்த ஓடு 'சொரசொரப்பான சிவப்புக் கலம்' என்ற தலைப்பின் கீழ் ஓர் எண்ணாகச் சேர்ந்தது.

அந்த அக்காவைக் குறை சொல்லவில்லை. சொன்ன வேலையைத்தான் அவர் செய்தார். சொல்லப்போனால், அன்றைக்கு அந்த இடத்தில் அந்த ஓட்டைச் சரியாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். படித்ததை எழுதிக்கொள்ள ஆளில்லை என்பதுதான் எனக்குப் பட்ட குறை.

ஒவ்வோர் அகழாய்வு முடிந்ததும் செய்தி வருகிறது. எவ்வளவு பழையது என்பது முதல் கேள்வி. எழுத்து இருக்கிறதா என்பது இரண்டாவது. தங்கம் கிடைத்ததா என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் பட்டிமன்றம் தொடங்கிவிடுகிறது. நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு நானும் பெருமைப்பட்டிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் எழுத்துப் பொறித்த ஓடு ஒன்று கிடைக்கும் குழியில் எழுத்தே இல்லாத ஓடுகள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கின்றன. வரலாற்றுக்கு முற்பட்ட காலம் என்று நாம் சொல்லும் காலம் எழுதிவைக்காத மனிதர்களின் காலம். அவர்களிடம் போய் எழுத்தை மட்டும் தேடினால் எப்படி? அவர்கள் காலையில் என்ன குடித்தார்கள், பிள்ளைக்கு எதை ஊட்டினார்கள், விருந்தாளி வந்தால் எதைக் கொதிக்கவைத்தார்கள் என்பதற்குச் சாட்சி அந்த மூட்டைகளில்தான் இருக்கிறது.

மற்ற நாடுகளில் இந்தச் சாட்சியை விசாரித்து என்னென்ன வாங்கியிருக்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள்.

சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் சியான்ரென்டாங் என்ற குகை. அங்கே கிடைத்த ஓடுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டு பழையவை என்று 2012-இல் அறிவித்தார்கள். சில ஓடுகளின் வெளிப்புறத்தில் தீயில் பட்ட கரி இருந்தது. உழவு தொடங்கப் பத்தாயிரம் ஆண்டு இருக்கும்போதே அங்கே யாரோ பானையை அடுப்பில் ஏற்றியிருக்கிறார்கள். முதலில் உழவு, பிறகு ஊர், பிறகு பானை என்று வகுப்பறையில் முப்பது வருடம் வரிசையாக ஒப்பித்தவன் நான். அந்த வரிசையை ஒரு கரிபிடித்த ஓடு கலைத்துப்போட்டது. ஜப்பானின் ஜோமோன் பண்பாட்டுப் பானைகள் 101-ஐ ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். 15,000 ஆண்டு முதல் 11,800 ஆண்டு வரை பழமையான கலங்கள். பெரும்பாலானவற்றில் ஊறியிருந்தது மீன், அல்லது நீர்வாழ் உயிர்களின் கொழுப்பு. வேட்டையாடித் திரிந்தவர்கள் தங்கள் பானையை முதலில் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்றால், என் அம்மாவைப் போலவே மீனுக்குத்தான்.

துருக்கி, அதன் சுற்றுப்பகுதிகள், தென்கிழக்கு ஐரோப்பா ஆகிய இடங்களிலிருந்து 2,200-க்கும் மேற்பட்ட ஓடுகளை எடுத்துப் பார்த்து, கி.மு. ஏழாம் ஆயிரமாண்டிலேயே மனிதர் பாலைக் கலத்தில் வைத்துப் புழங்கியிருக்கிறார்கள் என்று 2008-இல் காட்டினார்கள். போலந்தில் ஓட்டையிட்ட மட்கல ஓடுகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. அவை பாலாடைக்கட்டி வடிகட்டும் சல்லடையாக இருக்கலாம் என்று பீட்டர் போகுட்ஸ்கி என்ற தொல்லியலாளர் 1980-களில் ஊகித்தார். மெய்ப்பிக்க வழியில்லாமல் அது ஊகமாகவே கிடந்தது. 2013-இல் அந்தத் துளைகளுக்கு இடையே ஊறியிருந்த பால் கொழுப்பு சாட்சி சொன்னது. ஏழாயிரம் ஆண்டுக்கு முந்தைய பாலாடைக்கட்டி அது. பச்சைப் பால் ஒத்துக்கொள்ளாத வயிறுகளுக்கு அந்தச் சல்லடை எவ்வளவு பெரிய உதவி என்று எண்ணிப்பாருங்கள். ஓட்டை போட்ட பானையை உடைந்ததாக நினைத்து ஒதுக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

என்னை அதிகம் உலுக்கியது ஜெர்மனியின் பவேரியா பகுதியில் குழந்தைகளின் கல்லறைகளில் கிடைத்த மூன்று சிறு கலங்கள். வெண்கலக் காலம், இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை. உள்ளங்கையில் அடங்கும் அளவு, ஒரு பக்கம் சிறு மூக்கு. குழந்தைக்குப் பால் புகட்டும் நம் வீட்டுப் பாலாடைக்கு அண்ணன் முறை என்று சொல்லலாம். அவற்றில் விலங்குப் பாலின் எச்சம் இருந்ததாக 2019-இல் எழுதினார்கள். தாய்ப்பால் போதாமலோ, தாயே இல்லாமலோ, ஒரு குழந்தைக்கு யாரோ அந்த மூக்கு வழியே பாலைச் சொட்டியிருக்கிறார்கள். குழந்தை பிழைக்கவில்லை. கலத்தை அதனோடு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்த அரசனின் கல்வெட்டிலும் இது வராது.

இந்தியாவிலும் நடக்காமல் இல்லை. வடமேற்கு இந்தியாவில் ராகிகடி உள்ளிட்ட சிந்துவெளிக் குடியிருப்புகளிலிருந்து 172 ஓடுகளை ஆராய்ந்து அக்ஷ்யேதா சூரியநாராயண் குழுவினர் 2020-இல் கட்டுரை எழுதினார்கள். பன்றி, ஆடு, மாடு, எருமை, பால் என்று பலவும் அதில் பேசப்பட்டன. செய்தித்தாள்கள் அதில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் சண்டையிட்டதோடு விட்டுவிட்டன. நகரத்துக் கலத்துக்கும் சிற்றூர்க் கலத்துக்கும் பெரிய வேறுபாடில்லை என்பது அதைவிடச் சுவையான செய்தி. அதைப் படித்தவர் எத்தனை பேர்? ஹரியானாவின் ஃபர்மானாவில் மனிதப் பற்களிலும் சமையல் கலத்திலும் ஒட்டியிருந்த மாவுச்சத்துத் துகள்களைப் பார்த்து மஞ்சள், இஞ்சி, கத்தரிக்காய் என்று பட்டியல் தந்தார்கள். நான்காயிரம் ஆண்டுக்கும் முந்தைய ஒரு கூட்டின் மணம் அது. கழுவித் துடைத்த ஓட்டில் அந்தத் துகள்கள் அகப்பட்டிருக்குமா என்று யோசியுங்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தாமிரபரணிக் கரை ஈமக்காடான ஆதிச்சநல்லூரை 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ வந்தார். தங்க நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பொருள்கள், இரும்புக் கருவிகள் என்று அவர் எடுத்தவை புகழ்பெற்றவை. இறந்தவர்களைப் புதைத்த தாழிகளுக்குள் இருந்த சிறு கலங்களில் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்ததை அவர் குறித்துவைத்தார். நெற்றிப்பட்டம் நினைவிருக்கும் அளவுக்கு உமி யாருக்கும் நினைவில்லை. 2004-இல் மறுபடி தோண்டியபோது 160-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. பழநிக்கு அருகே பொருந்தலில் ஒரு ஈமச்சின்னத்தில் நான்கு கால் சாடி ஒன்றில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. காலக்கணிப்பில் கி.மு. 490 என்று வந்தது. சிவகளைத் தாழியின் நெல்லுக்குக் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் அந்த எண்ணைச் சுவரில் எழுதாத குறைதான்.

எண் சரி. அந்த நெல் எப்படிப்பட்டது? அவர்கள் நாளும் உண்டது அதுதானா, அல்லது செத்தவருக்கு மட்டும் எடுத்துவைத்த அரிய பண்டமா? என் பாட்டி காலத்தில்கூட எங்கள் வீட்டில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான், மற்ற நாளெல்லாம் கம்பும் சோளமும். ஈமத்தில் படைத்ததை வைத்து அன்றாடச் சாப்பாட்டைச் சொல்வது கல்யாண இலையைப் பார்த்துவிட்டு அந்த வீட்டில் தினமும் பாயசம் என்று முடிவுகட்டுவது போல. அன்றாடத்தை அறிய வேண்டுமானால் வாழ்ந்த இடத்து அடுப்பங்கரைக்குப் போக வேண்டும், அங்கே உடைந்த சட்டியிடம் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் நெடுங்காலம் ஈமக்காடுகளைத்தான் அதிகம் தோண்டினோம். கீழடி போன்ற வாழ்விடங்கள் இப்போதுதான் வெளிச்சத்துக்கு வருகின்றன. (கீழடி எழுத்தறிந்த காலம், வரலாற்றின் வாசல். ஆனாலும் அங்கே சமைத்தவர்கள் எல்லாரும் எழுதத் தெரிந்தவர்களா என்ன?)

கொழுப்பைப் பிரிக்கும் கருவிக்குப் போகாமலே, வெறும் கண்ணால் ஓட்டைப் பார்த்துச் சொல்லக்கூடியதும் நிறைய. பிலிப்பைன்ஸின் கலிங்கா மக்களிடையே தங்கி, அவர்களுடைய பானைகளின் கரித்தடத்தை ஜேம்ஸ் ஸ்கிபோ என்ற ஆய்வாளர் வரைந்தார். அவர்கள் சோறு கொதித்ததும் பானையை இறக்கித் தணலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பக்குவப்படுத்துவார்கள். ஆகவே சோற்றுப் பானையின் உட்புறப் பக்கச் சுவரில் கரிப்பட்டை விழுகிறது. காய்கறியும் கறியும் வேகும் பானையில் தடம் வேறு. தடத்தைப் பார்த்தே பானையின் வேலையைச் சொல்லிவிடலாம். நாமும் சோற்றைத் தணலில் புழுங்கவிட்டவர்கள்தானே? நம் பழைய ஓடுகளில் அந்தத் தடம் இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம், கழுவாத ஓடு வேண்டும்.

வடிவமும் பேசும். நம் பழைய பானைகளுக்கு அடி உருண்டை. தட்டையான அடியும் செங்குத்தான சுவரும் சேரும் மூலையில் சூடு ஏறி விரிசல் விடும். உருண்டை அடியில் தீ ஒரே சீராகப் பரவும், மூன்று கல் அடுப்பில் சரியாக உட்காரும். கீழே வைக்கும்போது உருளாமலிருக்கப் பிரிமணை. தாத்தா பானையின் உள்ளே உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அந்த உருண்டையை வரவழைப்பார். கல் அழுத்திய குழிகள் உட்புறத்தில் நிற்கும். அதே குழிகளை இரும்புக் கால ஓட்டின் உள்ளே நான் தடவிப் பார்த்த நாளில், சொன்னால் சிரிப்பீர்கள், என்னையறியாமல் கையை எடுத்துக் கும்பிட்டேன். உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும் கருப்பு சிவப்புக் கலங்களைக் கவிழ்த்துவைத்து, காற்றுப் புகாமல் வாயை மூடிச் சுட்டிருக்க வேண்டும் என்பது பலருடைய கருத்து. அவற்றில் வழவழப்பான கிண்ணமும் வட்டிலும் மிகுதி. அடுப்பில் ஏறிய கரடுமுரடான சட்டி வேறு, கையில் ஏந்திய பளபளப்பான கிண்ணம் வேறு. சமைப்பதற்கும் பரிமாறுவதற்கும் தனித்தனியே கலம் வைத்திருந்தவர்களுக்கு விருந்து என்ற எண்ணம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உடைந்த பிறகும் வேலை முடிவதில்லை. ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் சில்லாக்கியிருக்கிறார்கள். கீழடியில் அப்படிப்பட்டவை நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அம்மா கஞ்சி வைத்த பானை உடைந்தால் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான்.

ஆகவே என் கோரிக்கைகள். தோண்டும்போதே ஒவ்வொரு மண்ணடுக்கிலிருந்தும், முக்கியமாக அடுப்பும் தரையும் தெரியும் இடங்களிலிருந்து, சமையல் கலத்தின் ஓடுகள் சிலவற்றைக் கழுவாமல் தனியே எடுத்துவையுங்கள். வாய்விளிம்பும் தோள்பகுதியும் சிறந்தவை. கொதிக்கும்போது கொழுப்பு மேலே மிதப்பதால் அங்கேதான் அதிகம் ஊறும். வெறுங்கையால் தொட்டால் நம் தோலின் எண்ணெயும் ஏறிவிடும், பிளாஸ்டிக் பையில் போட்டால் அதன் வேதிப்பொருளும் ஒட்டும். அலுமினியத் தாளில் சுற்றினால் போதும். ஓடு கிடந்த இடத்து மண்ணிலும் ஒரு பிடி எடுத்துவைத்தால், ஓட்டில் இருப்பது சமைத்ததா மண்ணிலிருந்து வந்ததா என்று ஒப்பிட உதவும்.

நம் வெயிலுக்கும் மழைக்கும் கொழுப்பு தாக்குப்பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். குளிர்நாட்டைவிட இங்கே குறைவாகத்தான் எஞ்சும், உண்மை. அரிசியில் கொழுப்பே மிகக் குறைவு என்பதால் சோற்றுப் பானையிடம் பதில் வாங்குவதும் கடினம். ஆனால் பனிவரகுக்கு அடையாளமான மிலியாசின் என்ற பொருளைக் கொரியாவிலும் போலந்திலும் பானை ஓட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். தேன்மெழுகை எடுத்திருக்கிறார்கள். பத்து ஓட்டில் எட்டு வாய்திறக்காமல் போகட்டும், இரண்டு பேசினால் போதாதா? பழைய கிடங்குகளில் கழுவி அடுக்கிய ஓடுகளும் வீணல்ல. அடிப்பிடித்த கரியும் மாவுத் துகளும் போயிருக்கும், ஆனால் உள்ளே ஊறியது தண்ணீருக்குப் போயிருக்காது. அந்த மூட்டைகளைத் தயவுசெய்து இடநெருக்கடி என்று சொல்லிக் குழியிலேயே திரும்பக் கொட்டிவிடாதீர்கள்.

ஓடு பிரிக்கும் இடத்தில் ஒரு குயவரையும், மண்சட்டியில் சமைத்துப் பழகிய ஒரு பெண்மணியையும் உட்காரவையுங்கள். கழுவும் கூலிக்கல்ல, கருத்துக் கூலிக்கு. அவர்கள் சொன்னதை அவர்கள் பெயரோடு பதிவேட்டில் எழுதுங்கள். அவர்கள் சொல்வது எல்லாம் சரியாக இருக்காது, மூவாயிரம் ஆண்டு இடைவெளி சிறியதல்ல. ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்வார்கள்.

அருங்காட்சியகத்தாருக்கு ஒன்று. முழுப் பானையை ஒட்டுப்போட்டு, விளக்கு வைத்து, கண்ணாடிக்குள் நிறுத்துகிறீர்கள். அழகுதான். அதன் பக்கத்தில் கரிபிடித்த, அழகில்லாத, பாதி உடைந்த ஒரு சமையல் சட்டியையும் வையுங்கள். அட்டையில் காலத்தை எழுதிய பின், கொள்ளளவையும் எழுதுங்கள், எத்தனை பேருக்குக் காணும் என்று. என் மாணவர்களை அழைத்துப்போனபோது ஒரு சிறுமி தாழியைப் பார்த்துவிட்டு, "இதைத் தூக்க எத்தனை பேர் வேண்டும் ஐயா?" என்று கேட்டாள். அட்டையில் அதற்கு விடை இல்லை.

செய்தியாளர்களுக்கு நீளமாக எழுதப்போவதில்லை. அடுத்த பேட்டியில் காலத்தைக் கேட்டு முடித்தபின், "அந்தச் சட்டியில் என்ன வெந்தது?" என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். தெரியவில்லை என்று பதில் வந்தால் அதையும் அச்சிடுங்கள்.

இறுதியாக, என்னால் ஆனது. அம்மாவின் மீன் சட்டி அவர் காலமான ஆண்டு உடைந்தது. ஓடுகளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஒரு காகிதப் பெட்டியில் பரணில் கிடக்கின்றன. பழைய ஓடுகளோடு ஒப்பிட, என்ன சமைத்தது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு சட்டி ஆய்வுக்கூடத்துக்கு வேண்டுமானால் தருகிறேன். தாத்தா வனைந்தது, ஆற்று மண். முப்பது வருடத்துக்கு மேல் அடுப்பில் இருந்தது. சாளை, நெத்திலி, விரால், மழைக்காலத்தில் கருவாடு. நடுவில் ஒரே ஒரு நாள் பால்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையிலிருந்து,
ஒரு குயவரின் பேரன்